நாலு லைட்டும் பொய் சொல்லும்

"நாலு லைட்டும் எரியுது. ஃபுல்லு!" என்று பேட்டரி அளவு காட்டும் பலகையைப் பார்த்து டிரைவர் அண்ணன் கத்தினார், ஏதோ உள்ளே உட்கார்ந்து அவரே எரிகிற மாதிரி.

"எரிஞ்சா எரியட்டும். ஜெனரேட்டர ஆஃப் பண்ணுங்க," என்றாள் அவள். "அரை மணி நேரம் ஆறட்டும். அப்புறம் சொல்றேன், ஃபுல்லா அரையான்னு."

"ஆறணுமா? பேட்டரி என்ன பாலா? ஆடை கட்டுனதும் எடுத்து ஓரமா வைக்கப் போறியா?"

"சார்ஜ் ஏறிட்டிருக்கறப்ப பார்த்தா எந்தப் பேட்டரியும் ஃபுல்லுன்னுதான் சொல்லும் அண்ணே. இறக்கி வெச்சு, ஒரு வேலையும் குடுக்காம விட்டாத்தான் உண்மை வெளிய வரும்."

"நீயே ஆற மாட்டே. பேட்டரிய ஆறச் சொல்றே," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் ஜெனரேட்டரின் கழுத்தைத் திருகினார். அது இருமி, செருமி, அடங்கியது.

மூடி அடிக்கும் ஆலையின் பின்புற முற்றம் அது. பாட்டில்களுக்குத் தகர மூடி அடிக்கிற கூடம் முன்பக்கம் இருந்தது. இடையே சரக்குக் கிடங்கு இருந்ததால் இயந்திரங்களின் சத்தம் பாதியாக வடிகட்டி வந்தது. கிடங்கின் நிழலில் அவர்களுடைய டிரெய்லர் நின்றது. ஒரு காலத்தில் குடும்பம் குட்டியோடு சுற்றுலா போவதற்காகச் செய்த பெட்டி. கட்டிலையும் அடுப்பையும் பிடுங்கி எறிந்துவிட்டு, நடுவில் சத்தம் புகாத கண்ணாடி அறை ஒன்றைச் செருகியிருந்தார்கள். ஆலை ஆலையாகப் போய்த் தொழிலாளர்களின் காதைச் சோதிப்பது அதன் வேலை. காதில் மாட்டுகிற கருவியில் கொசு மாதிரி ஒரு பீப் வரும். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

ஆனால் கொசு கத்துகிற இடத்தில் ஜெனரேட்டர் கத்தக் கூடாது. அதனால் சோதனை நடக்கும் நேரம் முழுக்க டிரெய்லரின் இரண்டு பேட்டரிகள்தான் சோறு போட வேண்டும். ஜெனரேட்டர் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஓடலாம், நடுவில் மூச்சு விடக் கூடாது. அந்தப் பேட்டரிகளுக்குப் பொறுப்பு அவள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். கழுத்தில் எந்நேரமும் மீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்ததால் பெயரே மீட்டர் என்றாகிவிட்டது.

அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இயற்பியல் பட்டம். "பிசிக்ஸ் படிச்சிட்டுப் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தறியாமே?" என்று பெரியம்மா ஒரு விசேஷத்தில் நாலு பேர் முன்னால் கேட்டாள். "ஆமா பெரியம்மா. காய்ச்சி வடிச்ச தண்ணி. உங்க மனசவிடச் சுத்தம்," என்று சொல்லிவிட்டு வந்தாள். அதிலிருந்து பெரியம்மா பேசுவதில்லை. நிம்மதி.

அவள் ஏன் இந்த வேலைக்கு வந்தாள் என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது. போன வருடம் இதே டிரெய்லர் இதே முற்றத்துக்கு வந்தது. பதினோரு பேரைச் சோதித்ததும் விளக்கு மங்கி, கருவி செத்துப்போனது. வரிசையில் பதினாலாவதாக நின்ற அவளுடைய அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஆலைக்காரர்கள், 'வண்டியில் மின்சாரக் கோளாறு, சோதனை முழுமையடையவில்லை' என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி, ஒரு வருடம் நிம்மதியாகத் தூங்கினார்கள். யார் காதுக்கும் பஞ்சுகூடக் கொடுக்கவில்லை.

அம்மா மூடிக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம். வீட்டில் டிவி அலறும். எதிரே நின்று வாயைப் பார்த்தால்தான் பேச்சு பிடிபடும். அம்மா உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரி எடுத்து வருவாள். அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று கத்திக் கத்தி மகளுக்கும் அதே தொண்டை. "நம்ம வீட்டு வாகு அப்படி," என்பாள் அம்மா. வாகும் இல்லை, வம்சமும் இல்லை என்பது கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒலி பற்றிய பாடம் படிக்கும்போது அவளுக்கு உறைத்தது. அன்று வகுப்பில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்று பட்டியலில் முப்பத்திரண்டு பேர். ஒன்றேகாலுக்குச் சரக்கு லாரிகள் வரும், அதற்குள் சோதனையை முடிக்க வேண்டும். ஒரு ஆள் விட்டுப்போனாலும் அந்தத் தாளும் முத்திரையும் மறுபடி வெளியே வரும்.

அரை மணி நேரம் கழிந்தது. காது டாக்டர் வெளியே வந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவர் உண்மையில் டாக்டர் இல்லை, செவித் திறன் சோதிப்பவர். ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரையும் வரிசையில் நிற்பவர்கள் விடுவதில்லை.

"மீட்டர், ஆச்சா? எட்டேகால் ஆகப் போகுது."

"ஒரு நிமிஷம் டாக்டரம்மா."

இரண்டு பேட்டரிகளையும் சேர்க்கிற கம்பியை அவள் முன்பே கழற்றி வைத்திருந்தாள். சேர்ந்திருந்தால் நல்ல பேட்டரி கெட்ட பேட்டரியை மூடி மறைத்துவிடும், மாமியார் வீட்டில் புருஷன் பொண்டாட்டி மாதிரி. பிரித்து வைத்தால்தான் எது எப்படி என்று தெரியும். மீட்டரின் முனைகளை வைத்தாள். முதல் பேட்டரி: பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட். ராஜா. இரண்டாவது: பன்னிரண்டு புள்ளி பூஜ்ஜியம்.

"இதுக்கும் நாலு லைட்டா அண்ணே?"

டிரைவர் அண்ணன் குனிந்து பார்த்தார். "காலையில நாலு மணியிலேருந்து ஓட்டுனேனே... நீ சொன்ன மாதிரியே பெரிய சாக்கெட்லதான் போட்டேன்."

அதில் பொய் இல்லை. அவள் வருவதற்கு முன் அவர் ஜெனரேட்டரின் சின்ன சாக்கெட்டில் நேரடியாகப் பேட்டரியை மாட்டுவார். அதன்மேல் பேட்டரி படம் போட்டிருந்ததுதான் காரணம். அதில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அண்டாவைப் பாலாடையால் நிரப்புகிற வேலை. பெரிய சாக்கெட்டில் மாட்டி, டிரெய்லரின் சொந்த சார்ஜர் வழியாக ஏற்றினால்தான் குடம் குடமாக ஏறும். வந்த முதல் வாரமே அவள் மாற்றியது அதைத்தான். மூன்று நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாவது நாள் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ரப்பர் உருண்டை வைத்த கண்ணாடிக் குழாயை எடுத்து, இரண்டாவது பேட்டரியின் ஒவ்வொரு அறையிலிருந்தும் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தாள். ஐந்து அறைகளில் மிதவை நிமிர்ந்து நின்றது. ஆறாவதில் மூழ்கிப் போய்த் தரை தட்டியது.

"ஒரு அறை செத்துப்போச்சு. அதுதான் ராத்திரியெல்லாம் நல்லதோட ரத்தத்தக் குடிச்சிட்டிருந்திருக்கு."

ஒரு வாரமாகவே அவளுக்குச் சந்தேகம். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு காலையும் எழுதி வைத்த எண் படி இறங்கிக்கொண்டே வந்தது. அலுவலகத்துக்கு இரண்டு தடவை எழுதினாள். 'நாலு விளக்கும் எரிகிறதல்லவா?' என்று பதில் வந்தது. பதில் எழுதியவர் பேட்டரியைக் கடைசியாகப் பார்த்தது கடிகாரத்தில்தான் இருக்கும்.

"அப்ப இன்னிக்கு?" டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "கேன்சலா?"

"கேன்சலா? நான் செத்தாலும் இல்ல. கெட்டதக் கழட்டிட்டு ஒத்தப் பேட்டரில ஓட்டுவோம்."

உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஒரு ஆளுக்கு ஏழு நிமிடம். முப்பத்திரண்டு பேருக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பேட்டரியில் பாதிதான் செலவழிக்கலாம். அதற்குக் கீழே இறக்கினால் அதற்கும் ஆயுள் போகும். இருக்கிற பாதி மூன்றரை மணி நேரம் தாங்கும். பத்தரைக்கு ஆலையில் தேநீர் இடைவேளை. அப்போது ஜெனரேட்டரை இருபது நிமிடம் ஓடவிட்டால் போதும். பசித்த பேட்டரி முதல் கவளங்களை அள்ளி அள்ளி விழுங்கும், கடைசிக் கால் பங்குக்குத்தான் கொஞ்சி ஊட்ட வேண்டியிருக்கும்.

"பிரிண்டர் வேணாம் டாக்டரம்மா, கையால எழுதுங்க. மேல் விளக்கு வேணாம். ஃபிரிட்ஜ் வேணாம். அண்ணே, உங்க தண்ணி சுட வைக்கற கெட்டில்..."

"அதுமேல கை வெச்சே, நான் வண்டிய எடுத்திட்டுப் போயிடுவேன்."

"அது ஒண்ணே நாலு பேரு காதச் சாப்பிட்டுடும்."

அவர் கெட்டிலைக் கழற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, டிரெய்லரை இழுத்து வந்த ஜீப்பின் முன் இருக்கையில் வைத்தார்.

எட்டரைக்கு முதல் ஆள் உள்ளே போனார். வரிசை கிடங்குச் சுவரோரம் நீண்டிருந்தது. அம்மா பதினாலாவது இடத்தில் இல்லை. கடைசியில் நின்றாள்.

"உன் நம்பர் பதினாலும்மா!"

"தெரியும்."

"பின்ன ஏன் கடைசில நிக்கறே?"

அம்மா, தான் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். முற்றம் முழுக்கக் கேட்டது. "போன வருஷம் பதினோரு பேரோட நின்னுச்சு. இந்த வருஷம் நின்னா என்னோட நிக்கட்டும். எம்பொண்ணு வண்டியால எனக்குப் பாக்கலன்னு வேற எவளும் சொல்லக் கூடாது."

"நிக்காது."

"நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் கடைசில நிக்கறேன்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். மீட்டரைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

அம்மா சும்மா நிற்கிற ஜாதி இல்லை. முன்னால் நின்றவளின் தோளைத் தட்டினாள். "அந்தப் பேட்டரி இருக்கில்ல, ரெண்டுல ஒண்ணு கெட்டுப்போச்சாம். காலையிலயே கண்டுபிடிச்சிட்டா. மூணு வருஷம் கரண்டப் பத்தியே படிச்சவ! வேற எவனா இருந்தாலும் லைட்டப் பார்த்து ஏமாந்திருப்பான்!"

லைட்டைப் பார்த்து ஏமாந்தவர் ஜீப்பில் சாய்ந்து ஆகாயத்தைப் பார்த்தார்.

டிரெய்லரின் கதவு திறந்தது. டாக்டரம்மா தலையை நீட்டினார். "யாரும்மா அது? உள்ள இருக்கறவங்களுக்குப் பீப் கேக்கல. உங்க பொண்ணு பெருமைதான் கேக்குது."

வரிசை சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே அம்மாவும் சிரித்தாள்.

அரை மணிக்கு ஒருமுறை மகள் மீட்டரின் எண்ணைக் குறித்தாள். நேரம், ஆள் எண், அளவு, பக்கத்தில் டாக்டரம்மாவின் கையெழுத்து. இடைவேளையில் டிரைவர் அண்ணன் ஜெனரேட்டரைப் பின்படியிலிருந்து இறக்கி, காற்று போகிற திசை பார்த்துத் தள்ளி வைத்து ஓட்டினார். இருபது நிமிடம். நிறுத்தித் திரும்பப் படியில் ஏற்றி வைத்தார். இருபதாவது ஆள், இருபத்தைந்து, முப்பது. மணி பன்னிரண்டைத் தாண்டியது. முப்பத்தோராவது ஆள் காதைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்.

அம்மா சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, பரிசு வாங்க மேடை ஏறுகிற மாதிரி உள்ளே போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தாள். கருவியை மாட்டினார்கள். மகள் வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பொத்தானைப் பிடித்த அம்மாவின் கட்டைவிரல் தயாராக இருந்தது. பீப் போய்க்கொண்டிருந்தது என்பது டாக்டரம்மாவின் விரல் அசைவில் தெரிந்தது. கட்டைவிரல் அசையவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. திடீரென்று பின்படியிலிருந்து ஜெனரேட்டர் உறுமியது. டிரெய்லரே குலுங்கியது. டாக்டரம்மா துள்ளி எழுந்து இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். மகள் பாய்ந்து வெளியே ஓடினாள்.

"அண்ணே! என்ன பண்றீங்க!"

டிரைவர் அண்ணனின் முகம் வெளுத்திருந்தது. "ஒரே ஒரு லைட்டுதாம்மா எரிஞ்சுச்சு! உங்கம்மா உள்ள இருக்கறப்ப போயிடுமோன்னு... போட்டுட்டேன். கீழ இறக்கக்கூட நேரம் பாக்கல."

"வேலை செஞ்சிட்டிருக்கறப்ப குறைச்சலாத்தான் காட்டும்! மூட்டை தூக்கிட்டிருக்கறவனோட நாடியப் பிடிச்சுப் பார்த்து, சாகப் போறான்னு சொல்லுவீங்களா? சார்ஜ் ஏறும்போது நாலுன்னு பொய், வேலை பாக்கும்போது ஒண்ணுன்னு பொய்! எத்தனை தடவ..."

பாய்ந்து அதை நிறுத்தினாள். சத்தம் கேட்டுக் கிடங்கு மூலையிலிருந்து ஆலையின் சூப்பர்வைசர் வந்தார். கையில் தயாராக ஒரு தாள். முகத்தில் இரங்கல் கூட்டத்துக்கு வந்தவரின் சிரிப்பு.

"கரண்ட் போச்சா? பரவால்லம்மா. எல்லாருக்கும் நடக்கறதுதான். மின்சாரக் கோளாறுன்னு போட்டு முடிச்சிடலாம். போன வருஷமும் அப்படித்தானே..."

அவள் கழுத்து நரம்பு புடைத்தது. என்ன சொல்லியிருப்பாளோ. அதற்குள் டிரெய்லருக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. காதுக் கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி அறையின் கதவைத் திறந்திருந்தாள்.

"யாரு மெஷினப் போட்டது? தரை நடுங்குச்சே!"

டாக்டரம்மா அவள் முகத்துக்கு நேரே வந்து உரக்கக் கேட்டார். "சத்தம் கேட்டுச்சாம்மா?"

"சத்தமா? சத்தம் எங்க கேட்டுச்சு? கால்ல வந்துச்சு. எங்க கூடத்துலயும் அப்படித்தான். அச்சு தேஞ்சா என் கால்தான் முதல்ல சொல்லும். இவரக் கேளுங்க." சூப்பர்வைசரைக் காட்டினாள். "இருபது வருஷமா நான் நிறுத்துன்னா நிறுத்துவாங்க. ஒரு தடவகூடத் தப்பாப் போனதில்ல."

அது உண்மை என்று முற்றத்தில் நின்ற முப்பத்தோரு பேருக்கும் தெரியும். கைக்கெட்டுகிற தூரத்தில் ஜெனரேட்டர் அலறியபோது, இருபது வருடமாக ஆலையைக் காப்பாற்றிய பெண்ணுக்கு அது பாதத்தில் மட்டும்தான் கேட்டது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

மகள் மீட்டரையும் நோட்டையும் சூப்பர்வைசர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கரண்ட் போகல சார். காலையிலேருந்து அரை மணிக்கொரு தடவ எழுதி, கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன். எங்க கோளாறுன்னு நீங்களே காட்டுங்க, அந்தத் தாள்ல நானே கையெழுத்துப் போடறேன்."

அவர் நோட்டைப் பார்த்தார். எண்களைப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டிரைவர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "கோவமாம்மா?"

"இருங்க அண்ணே. ஆறட்டும்."

"அரை மணி நேரமா?"

"மூணு நிமிஷம்."

இரண்டு நிமிடத்திலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு முதலிலிருந்து மறுபடி பார்த்தார்கள். தடங்கல் இல்லாமல் முடிந்தது. முப்பத்திரண்டு.

டாக்டரம்மா முப்பத்திரண்டு தாள்களையும் மடக்கு மேசைமேல் பரப்பினார். மூடிக் கூடத்துக்காரர்கள் இருபத்தொரு பேரின் கேட்கும் திறனைக் காட்டும் கோடும் ஒரே இடத்தில் பள்ளத்தில் இறங்கியது, ஒரே கிணற்றில் விழுந்த மாதிரி. அம்மாவின் பள்ளம்தான் எல்லாவற்றிலும் ஆழம். கூடத்தில் எல்லோருக்கும் காதுமூடி கட்டாயம், இன்னின்ன ஏழு பேர் உடனே வேறு பகுதிக்கு, என்று எழுதி சூப்பர்வைசர் முன்னால் வைத்தார். ஒளிந்துகொள்ள ஒரு கோளாறும் மிச்சமில்லாததால் அவர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

"பேக்கிங்குக்கா என்னைப் போடறாங்க?" என்றாள் அம்மா. "அங்க எல்லாரும் தூங்குவாங்களே!"

"போய் எழுப்பும்மா. உன் குரலுக்கு எழுந்திரிப்பாங்க."

எல்லாவற்றையும் அணைத்தார்கள். லாரி வர இன்னும் அரை மணி இருந்தது. டிரைவர் அண்ணன் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆலையின் சமையலறைப் பக்கம் போனார். அம்மாவும் மகளும் பின்படியில், ஜெனரேட்டருக்கு இரண்டு பக்கமும், உட்கார்ந்தார்கள்.

"மிச்சம் எவ்வளவு இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"ஆறட்டும்மா. இப்ப பார்த்தா சரியா வராது."

அம்மா தலையாட்டினாள். எதற்கு ஆற வேண்டும் என்று கேட்கவில்லை. இயந்திரங்களோடு வாழ்ந்தவளுக்கு அது புரிந்திருக்கும். தேநீர் வந்தது. குடித்தார்கள். லாரியின் ஹாரன் தெரு முனையில் கேட்டது. மகளுக்குக் கேட்டது.

"இப்ப பாக்கலாம்." மீட்டரை அம்மாவின் கையில் கொடுத்தாள். முனைகளைத் தானே பிடித்தாள். "நீயே படி."

பன்னிரண்டு புள்ளி இரண்டுக்குக் கீழே போகக் கூடாது என்று காலையில் நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தாள். அம்மா மீட்டரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கிட்டே கொண்டுபோனாள். பிறகு படித்தாள்.

"பன்னெண்டு புள்ளி மூணு!"

முற்றத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிடங்குக்குள் யாரோ எதையோ கீழே போட்டார்கள். லாரியிலிருந்து இறங்கிய ஓட்டுநர், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கையை உயர்த்தினார்.

மெதுவாகப் பேசம்மா என்று ஆயிரம் தடவை சொன்னவள், இந்தத் தடவை சொல்லவில்லை.

"இன்னொரு தடவ படிம்மா," என்றாள். "அண்ணனுக்குக் கேக்கல."